பீலேவுக்கு முன்பே பிரேசிலின் மூளை: 'காய்ந்த இலை' டிடி யார்? மாட்ரிட்டில் ஓரங்கட்டப்பட்டவர் பெருவின் குருவானது எப்படி?

1958 ஜூன் 29. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமை ஒட்டியுள்ள ராசுண்டா மைதானம். உலகக் கோப்பை கால்பந்து இறுதிப்போட்டி தொடங்கி நாலே நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஸ்வீடன் கேப்டன் லீட்ஹோம் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு கோல் அடித்துவிட்டார். சொந்த நாட்டு ரசிகர்களின் சத்தத்தில் மைதானமே அதிர்ந்தது.

பிரேசிலுக்கு அது பெரிய அதிர்ச்சி. அந்தத் தொடரில் அதுவரை ஒருமுறைகூட அவர்கள் பின்தங்கியதில்லை. அதுக்கும் மேல ஒரு பழைய பயம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், சொந்த ஊரிலேயே, கைக்கு வந்த கோப்பையை உருகுவேயிடம் பறிகொடுத்த நாடு அது. முக்கியமான ஆட்டம் வந்தாலே பிரேசில்காரர்கள் பதறிப்போவார்கள் என்று அவர்கள் நாட்டுக்காரர்களே பேசிக்கொண்டிருந்த காலம்.

அப்போது ஒருவர் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கோல் கம்பத்திலிருந்து மைதானத்தின் நடுவுக்கு நடந்து வந்தார். ஓடவில்லை. நிதானமாக, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். வழியில் பதறி நின்ற சக வீரர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். ஐந்தே நிமிஷத்தில் பிரேசில் சமன் செய்தது. கடைசியில் 5-2 என்று ஜெயித்து, முதல் முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது.

அந்தத் தொடர் என்றால் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 17 வயது பீலேதான். ஆனா அன்றைக்குப் பத்திரிகையாளர்கள் தொடரின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது பீலேவை இல்லை. பந்தோடு நடந்து வந்த அந்த 29 வயது மிட்ஃபீல்டரைத்தான். அவர் பெயர் வால்டிர் பெரேரா. கால்பந்து உலகத்துக்கு அவர் டிடி.

வெட்டி எடுக்கப்பட இருந்த கால்

டிடி பிறந்தது 1928 அக்டோபர் 8-ம் தேதி. ஊர், ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் வடக்கே இருக்கும் கம்போஸ். கரும்புத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். ஏழைக் கறுப்பினக் குடும்பம். தெருவில் பந்து உதைத்து வளர்ந்த பையன்.

14 வயதில் ஒரு ஆட்டத்தில் முழங்காலில் பலமான உதை விழுந்தது. சாதாரண அடி என்று நினைத்தது சீழ் பிடித்து, நோய்த்தொற்றாகப் பரவியது. நிலைமை எவ்வளவு மோசமானது என்றால், வலது காலை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற பேச்சு வரைக்கும் போனது. கால் எப்படியோ தப்பியது. ஆனா பல மாதங்கள் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டியதாயிற்று. பிறகு மெல்ல எழுந்து நடந்து, மறுபடியும் பந்தைத் தொட்டார்.

வேகமாக ஓடி எதிரியை முந்துவது அவருடைய ஆட்டமாக எப்போதும் இருந்ததில்லை. பந்து எங்கே வரும், யார் எங்கே நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, சரியான இடத்தில் நின்றுகொள்வார். ஓட வேண்டியது பந்துதான், ஆட்டக்காரர் இல்லை என்பது அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்த பாடம். இதனாலேயே பயிற்சியில் சோம்பேறி என்ற கெட்ட பெயரும் வந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை.

மரகானாவின் முதல் கோல் இவருடையது

உள்ளூர் கிளப்புகளில் ஆடி, 1949-ல் ரியோ நகரின் மதுரேய்ரா கிளப்புக்கு வந்தார். அதே வருஷம் அங்கிருந்து ஃப்ளூமினென்ஸ். ரியோவின் பணக்கார வர்க்கத்தின் கிளப் என்று பெயர் வாங்கியது அது.

1950 உலகக் கோப்பைக்காக ரியோவில் மரகானா என்ற பிரம்மாண்டமான மைதானத்தைக் கட்டினார்கள். உலகக் கோப்பைக்குச் சில நாட்கள் முன்னால், ஜூன் மாதம், திறப்பு விழா ஆட்டம் நடந்தது. ரியோ வீரர்கள் ஒரு பக்கம், சாவ் பாலோ வீரர்கள் மறுபக்கம். அந்த ஆட்டத்தில் மரகானாவின் முதல் கோலை அடித்தவர் 21 வயது டிடி. ஆனா உலகக் கோப்பை அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் அதே மைதானத்தில்தான் பிரேசில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. தோல்விக்குப் பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? கோல் கீப்பர் பார்போசா, தடுப்பாட்டக்காரர் பிகோடி போன்ற கறுப்பின வீரர்கள் மேல். பெரிய ஆட்டத்தின் அழுத்தத்தைக் கறுப்பின வீரர்களால் தாங்க முடியாது என்ற விஷமான பேச்சு பல வருஷம் ஓடியது. டிடி தேசிய அணிக்குள் வந்தது இந்தப் பேச்சுக்கு நடுவில்தான்.

ஃப்ளூமினென்ஸோடு 1951-ல் ரியோ மாநில சாம்பியன் பட்டம். 1952-ல் பல நாட்டு கிளப்புகள் கலந்துகொண்ட கோபா ரியோ பட்டம். அதே 1952-ல் சிலியில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் பிரேசில் அணியோடு வெற்றி. அடுத்து 1954 உலகக் கோப்பை. அதில் மெக்சிகோவுக்கு எதிராக ஒன்று, யூகோஸ்லாவியாவுக்கு எதிராக ஒன்று என்று இரண்டு கோல் அடித்தார். ஆனா கால்இறுதியில் ஹங்கேரியிடம் 4-2 என்று பிரேசில் தோற்றது. மூன்று பேர் வெளியேற்றப்பட்ட அந்த அடிதடி ஆட்டத்துக்கு 'பெர்ன் யுத்தம்' என்றே பெயர் வந்துவிட்டது. பிரேசில்காரர்கள் பதறிப்போவார்கள் என்ற பேச்சு இன்னும் பலமானது.

'காய்ந்த இலை' என்றால் என்ன?

1956-ல் டிடி போட்டாஃபோகோ கிளப்புக்கு மாறினார். இதற்குப் பின்னால் கால்பந்து மட்டும் இல்லை. முதல் மனைவியைப் பிரிந்து, கியோமர் என்ற நடிகையோடு அவர் வாழத் தொடங்கியிருந்தார். பிரேசிலில் விவாகரத்துச் சட்டமே 1977-ல்தான் வந்தது. அன்றைய ரியோவில் இது பெரிய அவதூறு. சொந்த கிளப் ரசிகர்களே அவரைக் கேலி செய்தார்கள். கிளப்பை மாற்றியது அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது.

இந்தக் காலகட்டத்தில்தான் கால்பந்து வரலாற்றில் அவர் பெயரை நிலைநிறுத்திய அந்த ஃப்ரீ கிக் பிறந்தது. ஒரு ஆட்டத்தில் கணுக்காலில் காயம். வழக்கம்போல் உதைத்தால் உயிர் போகிற வலி. வலிக்காமல் எப்படி உதைப்பது என்று தேடினார். பாதத்தின் வெளிப்பக்கத்தால், விரல்கள் இருக்கும் பகுதியால் பந்தை வெட்டியதுபோல் உதைத்துப் பார்த்தார். வலி குறைந்தது. கூடவே பந்து விசித்திரமாக நடந்துகொண்டது.

எதிரணி வீரர்கள் போட்ட சுவருக்கு மேலே எழும்பும். வெளியே போய்விடும் என்று கோல் கீப்பர் நினைக்கும் நேரத்தில், திடீரென்று வேகம் குறைந்து, திசை மாறி, கீழே இறங்கும். மரத்திலிருந்து உதிரும் சருகு நேராக விழாது, காற்றில் ஆடி ஆடி இறங்கும் இல்லையா? அதே மாதிரி. அதனால் போர்ச்சுகீசிய மொழியில் 'ஃபோல்யா செக்கா', அதாவது காய்ந்த இலை, என்று பெயர் வைத்தார்கள்.

பந்து ஏன் இப்படி ஆடுகிறது? பறக்கும் பந்தைச் சுற்றிக் காற்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடாது. சுழற்சியும் பந்தின் தையலும் காற்றை ஒரு பக்கம் சீக்கிரமாகவும் மறுபக்கம் தாமதமாகவும் பிரிக்கும். அந்த வித்தியாசம் பந்தை ஒரு பக்கம் தள்ளும். வேகம் குறையும்போது இந்த விளைவு சட்டென்று மாறும். டிடிக்கு இந்த இயற்பியல் எல்லாம் தெரிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மணிக்கணக்கில் உதைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார், அவ்வளவுதான்.

1957 ஏப்ரலில் அதற்கு விலைமதிப்பில்லாத பலன் கிடைத்தது. 1958 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற பிரேசில், பெருவைத் தாண்ட வேண்டும். லிமாவில் நடந்த முதல் ஆட்டம் 1-1. மரகானாவில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் ஒரே ஒரு கோல். டிடி அடித்த காய்ந்த இலை ஃப்ரீ கிக். பிரேசில் 1-0 என்று ஜெயித்து ஸ்வீடன் போனது. அந்த ஒரு பந்து இறங்காமல் போயிருந்தால் பிரேசில் ஸ்வீடன் போயிருக்குமா என்பதே சந்தேகம்.

அதே வருஷக் கடைசியில், ரியோ சாம்பியன் பட்டத்துக்கான கடைசி ஆட்டத்தில் போட்டாஃபோகோ, டிடியின் பழைய கிளப்பான ஃப்ளூமினென்ஸை 6-2 என்று நொறுக்கியது. ஜெயித்தால் மைதானத்திலிருந்து வீட்டுக்கு நடந்தே போவதாக டிடி நேர்ந்துகொண்டிருந்தார் என்றும், ஆட்ட உடையோடே ரசிகர்கள் சூழ ரியோ தெருக்களில் நடந்து அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார் என்றும் இன்றும் சொல்வார்கள்.

1958: இடமே கேள்விக்குறியாக இருந்தவர்

தகுதி பெற்றுக் கொடுத்தவருக்கு அணியில் இடம் உறுதிதானே? அதுதான் இல்லை. வயசாகிவிட்டது, சரியாகப் பயிற்சி எடுப்பதில்லை, வாழ்க்கை முறை சரியில்லை என்று மறுபடியும் முணுமுணுப்பு. அவர் இடத்துக்கு ஃப்ளமெங்கோவின் இளம் வீரர் மோசிரை ஆட வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு கேட்டது. பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா கடைசியில் டிடி பக்கமே நின்றார்.

பிரேசில் அந்தத் தொடரில் ஆடியது 4-2-4 என்ற அமைப்பு. பின்னால் நாலு பேர், முன்னால் நாலு பேர், நடுவில் இரண்டே இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் மைதானத்தின் பாதியைக் காக்கணும், முன்னால் இருப்பவர்களுக்குப் பந்தும் கொடுக்கணும். ஜீட்டோ ஓடி ஓடிப் பந்தைப் பறிப்பார். பறித்த பந்தை டிடியிடம் கொடுப்பார். டிடி நிமிர்ந்து பார்த்து, 30, 40 மீட்டர் தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவரின் காலடியில் கொண்டுபோய் வைப்பார்.

ஆஸ்திரியாவை 3-0 என்று ஜெயித்து, இங்கிலாந்தோடு கோல் இல்லாமல் டிரா செய்த பிறகு, சோவியத் யூனியனுடன் மூன்றாவது ஆட்டம். அன்றுதான் பீலேவும் கரிஞ்சாவும் உலகக் கோப்பையில் முதல் முறையாகக் களம் இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியதுமே கரிஞ்சா உதைத்த பந்து கம்பத்தில் மோதியது. மூன்றாவது நிமிஷத்தில் தடுப்புச் சுவரைப் பிளந்து டிடி கொடுத்த பந்தில் வாவா கோல் அடித்தார். ஆட்டம் 2-0. அடுத்து கால்இறுதியில் வேல்ஸ், 1-0.

அரைஇறுதியில் எதிரணி பிரான்ஸ். அந்தத் தொடரில் மட்டும் 13 கோல் அடித்த ஃபோன்டெய்ன் ஆடிய அணி. 1-1 என்று இருந்தபோது, 39-வது நிமிஷத்தில் டிடி வெகு தூரத்திலிருந்து உதைத்த பந்து வளைந்து போய் வலையில் இறங்கியது. அதற்குச் சற்று முன் பிரான்ஸ் கேப்டன் ஜோங்கே காயமடைந்திருந்தார். மாற்று வீரர் விதி அப்போது கிடையாது. பிறகு பீலே மூன்று கோல் அடிக்க, ஆட்டம் 5-2.

அதன் பிறகு வந்ததுதான் அந்த இறுதிப்போட்டி. நாலாவது நிமிஷ கோலும், அந்த நிதான நடையும். பெரிய ஆட்டம் வந்தால் கறுப்பின வீரர்கள் பதறிப்போவார்கள் என்று எட்டு வருஷமாகப் பேசியவர்களுக்கு, ஐரோப்பிய மண்ணில், உலகமே பார்க்கக் கிடைத்த பதில் அது. பிரேசில் எழுத்தாளர் நெல்சன் ரோட்ரிகஸ் அவருடைய நடையழகைப் பார்த்து எத்தியோப்பிய இளவரசன் என்று பெயர் வைத்தார். ஐரோப்பியப் பத்திரிகைகள் 'மிஸ்டர் ஃபுட்பால்' என்று கொண்டாடின.

ரியல் மாட்ரிட்: கனவு கலைந்த கதை

உலகின் சிறந்த வீரரை உலகின் சிறந்த கிளப் விட்டுவைக்குமா? 1959-ல் ரியல் மாட்ரிட் டிடியை அழைத்துக்கொண்டது. அப்போது அவர்கள் ஐரோப்பியக் கோப்பையைத் தொடர்ந்து நாலு முறை வென்றிருந்தார்கள். அர்ஜென்டினாவில் பிறந்த டி ஸ்டெஃபானோ, ஹங்கேரியின் புஸ்காஸ், இடது ஓரத்தில் மின்னலாக ஓடும் ஜென்டோ. இவர்களோடு டிடியும் சேர்ந்தால் யாரால் ஜெயிக்க முடியும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

நடந்தது வேறு. லீக்கில் டிடி ஆடியது 19 ஆட்டங்கள். அடித்தது 6 கோல். ஒரே சீசனோடு கதை முடிந்தது.

என்ன பிரச்னை? இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். பிரேசில் தரப்பு சொல்வது, டி ஸ்டெஃபானோவுக்குப் பொறாமை, தன் ராஜ்ஜியத்தில் இன்னொருவர் வருவதை அவர் விரும்பவில்லை, சக வீரர்கள் டிடிக்குப் பந்தே கொடுக்கவில்லை என்று. மாட்ரிட் தரப்பு சொல்வது, டிடியால் ஐரோப்பிய ஆட்டத்தின் வேகத்துக்கும் குளிருக்கும் பழக முடியவில்லை என்று.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆட்டத்தைப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகப் புரியும். டி ஸ்டெஃபானோ தன் கோல் பக்கத்திலிருந்து எதிரணி கோல் வரை ஓடுபவர். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே அவர் இருப்பார். மற்றவர்களும் அப்படியே ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். டிடியோ நின்ற இடத்திலிருந்து ஆட்டத்தை நடத்துபவர். இரண்டு பேருமே அணியின் மூளை. ஒரு அணியில் இரண்டு மூளைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. அதில் ஏற்கெனவே ஊன்றி நின்றவர் டி ஸ்டெஃபானோ.

1960 மே மாதம் கிளாஸ்கோ நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதிப்போட்டியில் ரியல் மாட்ரிட், ஐன்ட்ராக்ட் ஃப்ராங்க்ஃபர்ட் அணியை 7-3 என்று வீழ்த்தியது. இன்று வரை பேசப்படும் ஆட்டம். அன்று களமிறங்கிய 11 பேரில் கனாரியோ என்ற பிரேசில் வீரர் இருந்தார். டிடி இல்லை.

சிலியில் வந்த பதில்

தோற்றுத் திரும்பியவராகத்தான் டிடி 1960-ல் போட்டாஃபோகோவுக்கு மறுபடி வந்தார். ஆனா அங்கே கரிஞ்சா, நில்டன் சான்டோஸ், ஜகாலோ, அமரில்டோ என்று ஒரு கூட்டமே காத்திருந்தது. 1961, 1962 இரண்டு வருஷமும் ரியோ சாம்பியன் பட்டம் அவர்களுக்கே.

1962 உலகக் கோப்பை சிலியில். டிடிக்கு வயசு 33. இரண்டாவது ஆட்டத்திலேயே பீலே காயமடைந்து தொடரிலிருந்து வெளியேறினார். மூன்றாவது ஆட்டத்தில் தோற்றால் பிரேசில் வீட்டுக்குப் போக வேண்டிய நிலைமை. எதிரணி யார்? ஸ்பெயின்!

புஸ்காஸும் ஜென்டோவும் எதிரே நின்றார்கள். ஸ்பெயின் அணிப் பட்டியலில் டி ஸ்டெஃபானோவும் இருந்தார். டிடி தன்னை நிரூபிக்கக் காத்திருந்த ஆட்டம். ஆனா காயத்தால் டி ஸ்டெஃபானோ அன்று களத்துக்கு வரவில்லை. அந்த உலகக் கோப்பையில் மட்டும் இல்லை, எந்த உலகக் கோப்பையிலும் ஆடாமலே அவர் வாழ்க்கை முடிந்துபோனது. முதலில் ஸ்பெயின் கோல் அடித்தது. பீலே இடத்தில் ஆடிய அமரில்டோ இரண்டு கோல் அடித்து 2-1 என்று காப்பாற்றினார்.

அதன் பிறகு இங்கிலாந்து, சிலி, இறுதிப்போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா. இறுதிப்போட்டியிலும் பிரேசில்தான் முதல் கோல் வாங்கியது. இந்த முறை யாரும் பதறவில்லை. 3-1 என்று ஜெயித்து இரண்டாவது கோப்பை. ஆறு ஆட்டத்திலும் டிடி ஆடினார். ஒரு கோல்கூட அடிக்கவில்லை. பந்து போக வேண்டிய இடத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. பிரேசிலுக்காக சுமார் 70 ஆட்டங்கள், 20 கோல் என்ற கணக்கோடு அவருடைய சர்வதேச வாழ்க்கை முடிந்தது.

பெருவில் கிடைத்த இரண்டாவது வாழ்க்கை

ஒரு காலத்தில் எந்த நாட்டை ஃப்ரீ கிக்கில் வீழ்த்தினாரோ, அந்த பெருவே டிடியைப் பயிற்சியாளராக அழைத்தது. லிமாவின் ஸ்போர்ட்டிங் கிரிஸ்டல் கிளப்பை 1968-ல் சாம்பியன் ஆக்கினார். அடுத்து பெரு தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

அப்போது பெரு உலகக் கோப்பையில் ஆடியது ஒரே ஒரு முறை, 1930-ல். அது தகுதிச் சுற்றே இல்லாத காலம். டிடி கையில் இருந்தது இளம் கூட்டம். கியூபியாஸ், சோட்டில், கல்யார்டோ, கேப்டன் சும்பிடாஸ். அடித்துத் தூக்கி ஆடாதீங்க, பந்தைத் தரையில் வைத்து, யோசித்து ஆடுங்க என்பதுதான் அவர் கொடுத்த பயிற்சியின் சாரம்.

1969 ஆகஸ்ட் 31. பியூனஸ் அயர்ஸின் லா பொம்போனேரா மைதானம். பெருவுக்கு ஒரு டிரா போதும். கச்சிட்டோ ரமிரெஸ் இரண்டு கோல் அடிக்க, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. பெரு உள்ளே, அர்ஜென்டினா வெளியே. தகுதிச் சுற்றில் ஆடித் தகுதி பெறாமல் அர்ஜென்டினா உலகக் கோப்பையைத் தவறவிட்டது வரலாற்றிலேயே அந்த ஒருமுறைதான்.

1970 மே 31. மெக்சிகோவில் உலகக் கோப்பை தொடங்கிய அதே நாளில் பெருவில் பயங்கர நிலநடுக்கம். மலையிலிருந்து சரிந்த பனியும் மண்ணும் யுங்காய் என்ற ஊரையே மூடிவிட்டது. நாடு முழுக்க சுமார் 70 ஆயிரம் பேர் இறந்தார்கள். இரண்டே நாள் கழித்து, ஜூன் 2-ம் தேதி, வீட்டில் என்ன ஆனதோ என்ற கவலையோடு பெரு வீரர்கள் பல்கேரியாவுக்கு எதிராக இறங்கினார்கள். 2-0 என்று பின்தங்கினார்கள். பிறகு கல்யார்டோ, சும்பிடாஸ், கியூபியாஸ் ஆளுக்கொன்று அடிக்க, 3-2 என்று ஜெயித்தார்கள். துக்கத்தில் இருந்த நாட்டுக்கு அந்த வெற்றி எவ்வளவு பெரிசு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்தங்கியபோது பதறாமல் இருப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கால்இறுதியில் வந்தது பிரேசில். அந்த அணியின் பயிற்சியாளர், டிடியோடு இரண்டு உலகக் கோப்பை வென்ற ஜகாலோ. களத்தில் பீலே. தன் சொந்த நாட்டுக்கு எதிராக டிடியின் அணி தற்காப்புக்குள் ஒளியவில்லை. பதிலுக்குப் பதில் தாக்கியது. 4-2 என்று தோற்றாலும், அந்தத் தொடரின் அழகான ஆட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. 21 வயது கியூபியாஸ் அந்தத் தொடரில் 5 கோல் அடித்தார்.

அர்ஜென்டினா, துருக்கி, சவூதி...

அர்ஜென்டினாவை வெளியேற்றியவரை அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கிளப்பே பயிற்சியாளராக எடுத்தது வேடிக்கைதான். அங்கே அவர் பட்டம் எதுவும் வெல்லவில்லை. ஆனா நோர்பெர்ட்டோ அலோன்சோ போன்ற பொடியன்களைத் துணிந்து களம் இறக்கினார். பின்னாளில் 1978-ல் உலகக் கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியில் அலோன்சோ இருந்தார்.

அடுத்து துருக்கியின் ஃபெனர்பாச்சே. 1973-74, 1974-75 என்று அடுத்தடுத்து இரண்டு லீக் பட்டம். இஸ்தான்புல்லில் இன்றும் அவர் பெயருக்குத் தனி மரியாதை. பிறகு பிரேசிலில் ஃப்ளூமினென்ஸ் உள்ளிட்ட கிளப்புகள், சவூதி அரேபியாவின் அல் அஹ்லி என்று பயணம் போனது. பிரேசில் தேசிய அணிக்கு மட்டும் அவரை யாரும் நிரந்தரப் பயிற்சியாளராக அழைக்கவே இல்லை.

ஆட்டக்காரராக வெளிநாட்டில் ஒரே சீசனில் ஓரங்கட்டப்பட்டவர், ஆசிரியராகப் பல நாடுகளில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். மாட்ரிட்டில் அவருடைய நிதானத்தைச் சோம்பேறித்தனமாகப் பார்த்தார்கள். லிமாவிலும் இஸ்தான்புல்லிலும் அதையே பாடமாகக் கற்றுக்கொண்டார்கள்.

இன்றும் இறங்கும் இலை

2001 மே 12-ம் தேதி ரியோ டி ஜெனிரோவில் டிடி காலமானார். குடல் புற்றுநோயோடு போராடியவருக்கு அப்போது வயசு 72. 50 வருஷத்துக்கு முன்னால் அவர் முதல் கோல் அடித்த மரகானா அதே நகரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

பீலேயும் கரிஞ்சாவும் உலகமெங்கும் சுவரொட்டிகளாக மாறினார்கள். அவர்களுக்குப் பந்து கொடுத்தவரின் பெயர் பிரேசிலுக்கு வெளியே மெல்ல மங்கியது. ஆனா அவர் கண்டுபிடித்த உதை மங்கவில்லை. ஜூனினியோ பெர்னாம்புகானோ முதல் கிறிஸ்டியானோ ரொனால்டோ வரை, சுவரைத் தாண்டித் திடீரென்று கீழிறங்கும் ஃப்ரீ கிக்கைப் பார்க்கும்போதெல்லாம் பழைய ரசிகர்கள் டிடியைத்தான் நினைக்கிறார்கள். பிரேசில் வர்ணனையாளர்கள் அதற்கு இன்றும் சொல்லும் பெயர், ஃபோல்யா செக்கா. வெட்டி எடுக்கப்பட இருந்த ஒரு கால், கணுக்கால் வலியோடு கண்டுபிடித்த உதை அது.